சீல் உடைக்காத எஞ்சின்

ஜூன் 2, ஞாயிறு

கிளப் கூட்டம். மூன்று மணி நேரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் பழைய கதை. கடைசிக் கால் மணி நேரத்தில் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

விஷயம் எளிது. எங்கள் பந்தயப் பிரிவில் பதினான்கு கார்கள். ஒற்றை இருக்கை, எல்லாவற்றிலும் ஒரே வகை 800 சிசி கார்புரேட்டர் எஞ்சின். ஓட்டுகிறவர்கள் யாருக்கும் இது தொழில் இல்லை. ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ஃபவுண்டரிக்காரர், ஒருவர் பேக்கரி. அந்த எஞ்சினைத் தயாரிப்பதை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. போன சீசனில் மட்டும் மூன்று எஞ்சின் பிளாக் விரிசல் விட்டன. மாற்றுக்குக் கோயம்புத்தூர் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. ஆகவே புதிதாக ஒரு 1000 சிசி இன்ஜெக்‌ஷன் எஞ்சினை அனுமதிக்க வேண்டும். பழைய எஞ்சின் வைத்திருப்பவர்களும் அதோடு சமமாக ஓட முடிய வேண்டும். அதற்காகப் புதிய எஞ்சின் காற்றை இழுக்கும் வாயில் ஓட்டை போட்ட தட்டு ஒன்றை மாட்டி அதன் மூச்சைக் குறைக்க வேண்டும்.

அந்த ஓட்டை எத்தனை மில்லிமீட்டர்? அதைச் சொல்ல வேண்டியவன் நான். கொஞ்சம் கூடினால் பழைய கார்கள் அத்தனையும் காயலான் கடைக்கு. கொஞ்சம் குறைந்தால் புதியதை யாரும் வாங்க மாட்டார்கள். இரண்டு வருடத்தில் பிரிவே இருக்காது.

செயலாளர் நல்லசிவம் சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தரணி தம்பி, நீங்க பம்ப் கம்பெனில டெஸ்டிங் இன்ஜினியர். டைனோ கையிலயே இருக்குது. ரெண்டு நாள் வேலைங்க உங்களுக்கு."

இரண்டு நாள் வேலையாம். ஜூலை 14 பொதுக்குழுவில் அறிக்கை வைக்க வேண்டும்.

அளவுகளுக்கு லாக் ஷீட் இருக்கிறது. மற்றதற்கு இந்த நோட்டு.

ஜூன் 8, சனி

அளவுகோலுக்குப் பழைய எஞ்சின் ஒன்று வேண்டும். கமிட்டி ஒரே குரலில் சொன்னது: குகனுடையது. மூன்று வருடமாகத் தொடர்ந்து சாம்பியன். அவன் எஞ்சினைப் பிரித்துக் கோப்பவனும் நானே, கல்லூரி முடித்த வருடத்திலிருந்தே. "அப்ப இன்னும் வசதிங்க, உங்களுக்கு அத்துப்படி" என்றார் நல்லசிவம் சார்.

எஞ்சின் கிளப் அலமாரியில் இருந்தது. இது இங்கே வழக்கம். கடைசிப் பந்தயம் முடிந்ததும் சாம்பியன் காரிலிருந்து எஞ்சினை இறக்கி, ஹெட் போல்ட்டிலும் ஆயில் சம்ப்பிலும் கம்பி கோத்து, ஈயத்தை நசுக்கி சீல் வைப்பார்கள். யாராவது எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால்தான் சீல் உடையும். பதினோரு வருடத்தில் யாரும் கொடுத்ததில்லை. கொடுத்தால் முகத்துக்கு நேரே நீ திருடன் என்று சொன்ன மாதிரி. அடுத்த முகூர்த்தத்தில் அவன் பக்கத்திலேயே பந்தியில் உட்கார வேண்டியிருக்கும். ஆகவே ஆறு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு, புது சீசன் பூஜையன்று மாலை போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். சீல் உடையவில்லை, எனவே எஞ்சின் சுத்தம். இதுதான் இங்கே தர்க்கம்.

சீல் சொல்வது ஒன்றுதான்: பந்தயத்துக்குப் பிறகு யாரும் தொடவில்லை. பந்தயத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டேன்.

எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோவின் தண்ணீர்க் குழாய்க் கிளாம்ப் விட்டுப் பேன்ட் முழுக்க நனைந்தது. நாளை ஓட்டம்.

ஜூன் 9, ஞாயிறு

மூன்று ஓட்டம். காற்றின் வெப்பம், அழுத்தம் எல்லாம் திருத்திய பிறகு: 46.8 குதிரைத்திறன். மூன்று ஓட்டத்துக்கும் இடையே வித்தியாசம் 0.2. நல்ல எஞ்சின்.

ஒரே ஒரு எஞ்சினை வைத்து அளவுகோல் எடுப்பது தவறு. முதல் வருட மாணவனுக்கே தெரியும். நல்லசிவம் சாரிடம் போனில் சொன்னேன். "சாம்பியன் எஞ்சின் தம்பி! சீலும் இருக்குது. அதுக்கு மேல என்ன வேணுமுங்?" என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

புதிய எஞ்சின் ஏற்றியாயிற்று. தட்டுகளை நானே லேத்தில் கடைந்தேன். 18 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் 48.9 குதிரைத்திறன். 17 போட்டால் 46.6. 16 போட்டால் 44.2. பதினேழு பொருந்துகிறது.

உச்ச சக்தி மட்டும் சமமானால் போதாது. புதியது 200 சிசி பெரிது. கீழ் சுற்றிலேயே நன்றாக இழுக்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது முந்தும். அதைச் சரிக்கட்டப் புதிய காருக்கு 18 கிலோ கூடுதல் எடை. கமிட்டியில் ஒருவர் "குதிரைத்திறன் ஒண்ணாயிட்டா விடுங்க தம்பி" என்றார். விடமாட்டேன் என்றேன். நியாயம் என்றால் அரைகுறை நியாயம் கிடையாது.

குகன் பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி தேங்காய் பன்னோடு வந்தான். டைனோ ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் எஞ்சினைத் தட்டிக் கொடுத்தான்.

"மாப்ள, இனி வர்றவன் எல்லாம் என் எஞ்சின வெச்சுத்தான் அளப்பான்ல? எங்கப்பன்கிட்டச் சொல்லோணும். 'வட்டம் வட்டமா ஓட்டி என்னத்தடா கண்ட'ங்கறாரு."

பன் நன்றாக இருந்தது. இரண்டு தின்றேன்.

ஜூன் 19, புதன்

தமயந்தி அக்கா என் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். கணபதியில் பவுடர் கோட்டிங் யூனிட் நடத்துகிறார். ஒன்பது வருடமாக ஓட்டுகிறார். நான்காவது, ஐந்தாவது வருவார். பழைய எஞ்சின்காரர்களில் வாய் உள்ளவர் அவர்தான்.

"ஏனுங் தம்பி, பதினேழுன்னு பேச்சு அடிபடுது. எந்த எஞ்சின வெச்சு அளந்தீங்?"

"குகனோடது."

"அது நீங்க கோத்ததுதானே? நீங்களே சமைச்சு, நீங்களே சாப்பிட்டு, நீங்களே மார்க் போட்டுக்கறீங்."

"டைனோவுக்கு யார் கோத்ததுன்னு தெரியாதுங்கக்கா."

"அப்ப என்னுதையும் ஏத்துங்க. டாக்டரோடதும் கொண்டாறேன்."

"உங்க எஞ்சின் ரொம்ப ஓடிருச்சு. அளவுகோலுக்கு ஆகாது."

"ஓடுனதா? போன தைக்குத்தான் ரிங்கு, பிஸ்டன், வால்வு அத்தனையும் புதுசு. குகன் எஞ்சினும் என்னுதும் ஒரே வருசத்துப் பிளாக்கு. எனக்கு இன்னொரு காரு கட்ற தெம்பு கிடையாது தம்பி. இந்தக் காரு தோத்தா நான் வீட்ல உக்காந்துக்கோணும். பாத்துச் சொல்லுங்க."

வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொன்னேன்.

ஜூன் 23, ஞாயிறு

தமயந்தி அக்கா: 44.3.
பல் டாக்டர்: 44.0.

இரண்டரைக் குதிரைத்திறன் வித்தியாசம். எங்கள் ட்ராக்கில் அது ஒரு சுற்றுக்கு முக்கால் நொடிக்குக் குறையாது.

அக்கா மூன்று லாக் ஷீட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். டெம்போவில் ஏறும்போது, "ரெண்டு எஞ்சினும் ஒரே மாதிரி சீக்காயிருச்சு பாருங்க" என்றார்.

ஜூன் 24, திங்கள்

பைக் செயின் மாற்றினேன். இட்லி மாவு புளித்துப் போயிற்று. சமையல் கேஸ் பதிவு செய்தேன். குகன் எஞ்சினில் கம்ப்ரஷன் பார்க்க நேரமில்லை.

ஜூன் 26, புதன்

பார்க்க நேரமில்லை.

ஜூன் 27, வியாழன்

பார்த்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கேஜ் வைத்தால் போதும். சீலைத் தொட வேண்டியதில்லை. பத்து நிமிட வேலை.

அக்கா எஞ்சினில் ஞாயிறன்றே பார்த்தது 162 பிஎஸ்ஐ. டாக்டருடையது 160. குகனுடையது 186.

உள்ளே கார்பன் படிந்தாலும் அழுத்தம் ஏறும். அதிகம் ஓடிய எஞ்சினில் இது சகஜம்.

ஜூன் 30, ஞாயிறு

கார்பன் படிந்து இருபத்தைந்து ஏறாது.

ஜூலை 1, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

கல்லூரி முடிந்த வருடம், குகனுக்கு முதல் சீசன். ஒரு பந்தயத்தில் எஞ்சின் கொதித்து, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வளைந்தது. சமப்படுத்துவதற்காக காலேஜ் லேப்பில் தெரிந்தவரிடம் கேட்டு, சர்ஃபேஸ் கிரைண்டரில் வைத்தேன். 0.1 மில்லிமீட்டர் எடுத்ததும் ஹெட் சமமாகிவிட்டது. விதிப்படி அதோடு நிறுத்த வேண்டும்: ஹெட்டின் உயரம் 108.5க்குக் கீழே போகக் கூடாது. நான் நிறுத்தவில்லை. ஹெட்டை எவ்வளவு சீவுகிறோமோ அவ்வளவு அழுத்தம், அவ்வளவு சக்தி. கிரைண்டர் கைப்பிடியை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஒரு கோடு கூடியது. அந்த வருடம் குகன் ஆறாவது, ஏழாவது என்று வந்துகொண்டிருந்தான். என் எஞ்சின் ஏழாவதா?

குகன் அன்று பேக்கரியில் இருந்தான். அவனிடம் சமப்படுத்தினேன் என்று மட்டும் சொன்னேன். இன்றுவரை அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பான்.

அடுத்த மூன்று வருடமும் அவன்தான்.

ஜூலை 3, புதன்

ஒரு வழி இருக்கிறது. மூன்று எஞ்சினின் சராசரி 45.0. அரை மில்லிமீட்டர் கணக்கில் அதற்கு நெருங்கிய தட்டு 16.5. கணக்குப்படி மூன்று எஞ்சின், மூன்றின் சராசரி. யாரும் குறை சொல்ல முடியாது. சீல் உடைய வேண்டாம்.

16.5 போட்டால் பழைய கார்களுக்கு ஒன்றேகால் குதிரைத்திறன் நஷ்டம். ஒன்றேகால்தானே.

ஜூலை 6, சனி

கிளப் வாட்ஸாப் குழுவில் அக்கா மூன்று லாக் ஷீட்டையும் போட்டிருக்கிறார். கீழே ஒரு வரி: "சாம்பியன் எஞ்சின் மட்டும் வேற தண்ணி குடிக்குதுங்களா?" நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் சிரிக்கும் முகம் போட்டு உடனே அழித்துவிட்டார்.

மதியமே குகன் நேரில் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"மாப்ள, பொதுக்குழுல சீல உடைக்கச் சொல்லி நானே எழுதிக் குடுத்துட்டேன்."

"எதுக்குடா?"

"எதுக்கா? என்னத் திருடன்னு சொல்றாங்கடா, அத்தன பேரு முன்னால. எல்லார் முன்னாலயும் ஹெட்டத் தொறந்து டேபிள்ல வை. நீயே அள."

"தேவையில்ல. மூணையும் சராசரி எடுத்துப் பதினாறரைன்னு முடிக்கிறேன். அவங்களும் ஒத்துக்குவாங்க."

"சராசரியா?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் கரகரத்தது. "அப்படி எழுதினா என் எஞ்சின்ல தப்பு இருக்குதுன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரிடா. நான் ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? சொல்லு, என்ன இருக்குது?"

அப்போது சொல்லியிருக்கலாம். பதில் தெரிந்த கேள்விதான். "சரி, உன் இஷ்டம்" என்றேன்.

ஜூலை 11, வியாழன்

கம்பெனியில் இரண்டு பம்ப் ரிஜெக்ட். மேனேஜரிடம் கத்திவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். இரண்டுமே எனக்குப் பழக்கமில்லை.

ஜூலை 13, சனி

அறிக்கையை அச்செடுத்தேன். ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தில் 16.5 என்று இருக்கிறது. வெர்னியரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

வெர்னியரின் கோடுகளை, அதைப் பிடித்திருப்பவனால் மட்டும்தான் படிக்க முடியும். மற்றவர்கள் அவன் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பொதுக்குழு. பத்தரைக்கு ஆரம்பம். முப்பத்தாறு பேர்.

நல்லசிவம் சார் கட்டிங் பிளையரை எடுத்துவந்தார். முகம் வேர்த்திருந்தது. "பதினோரு வருசத்துல மொதல் தடவைங்க. யாரும் தப்பா எடுத்துக்காதீங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டு ஈயத்தை வெட்டினார். நான் போல்ட்களைத் தளர்த்தினேன். ஹெட்டைத் தூக்கி, வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்தேன். நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் நெருங்கினார்கள். அக்கா எனக்கு எதிரே நின்றார். சார் பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டார்.

குகன் மேசைப் பக்கமே வரவில்லை. ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். நாளைக்கு ஏதோ பள்ளிக்கூட விழாவாம். முந்நூறு வெஜ் பஃப்ஸ். "உருளைக்கெழங்கு இப்பவே வேக வெச்சிருங்க, காலைல அவதிப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தன் எஞ்சினை அளக்கிறார்கள் என்பதே அவனுக்கு ஒரு பொருட்டில்லை. அந்த அளவுக்கு என்னை நம்பியிருந்தான்.

வெர்னியரை நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் ஒன்றே.

"எத்தனைங்க தம்பி?" என்றார் சார்.

"நூத்தி..." என்று ஆரம்பித்தேன். எட்டு என்று சொல்ல வாய் திறந்துதான் இருந்தது.

"நூத்தி ஏழு புள்ளி ஒண்ணு. ஒன்னேகால் மில்லிமீட்டருக்கு மேல குறையுது. சீவுனது நான். நாலு வருசம் முன்னாடி, காலேஜ் லேப்ல. குகனுக்குத் தெரியாது."

யாரோ ஒரு நாற்காலியை இழுத்தார்கள்.

குகன் போனைக் காதிலிருந்து எடுத்தான். அந்தப் பக்கம் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு வந்து ஹெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபடி ஹெட்டைப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கத்தினார்கள். சார் ஒத்திவைக்கலாம் என்றார். மூன்று கோப்பையும் திரும்ப வாங்க வேண்டும் என்று தீர்மானம். நான் இரண்டு வருடம் ட்ராக்குக்குள் கால் வைக்கக் கூடாது என்று இன்னொரு தீர்மானம். ஆட்சேபம் இல்லை என்றேன்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன். விதிப்படியான எஞ்சின்கள் 44.3, 44.0. தட்டு 16. எடை 18 கிலோ அப்படியே. சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அக்கா எழுந்தார். "நம்பர் சரியா இருக்கலாம். ஆனா இந்தத் தம்பி சொல்ற நம்பர இனி யாரு நம்பறது? என் காரையும் புதுக் காரையும் ட்ராக்ல விடுங்க. ஒரே ஆளு ரெண்டையும் ஓட்டோணும். அப்பப் பாக்கலாம்."

"யாரு ஓட்றதுங்க?" என்றார் சார்.

"குகன் ஓட்டட்டும்."

"அவனா?" என்று நாலைந்து பேர்.

"அவனேதானுங். இங்க இருக்கற எல்லாருக்கும் ஏதோ ஒரு எஞ்சின் ஜெயிக்கோணும். அவனுக்கு மட்டுந்தான் இப்ப எதுவும் வேண்டியதில்ல."

ஜூலை 17, புதன்

குகன் போனை எடுக்கவில்லை. பேக்கரிக்குப் போனேன். அவன் அப்பா கல்லாவில் இருந்தார். "உள்ள வேலையா இருக்கான்" என்றார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

ஓட்ட ஒத்துக்கொண்டானாம். அக்காதான் போய்ப் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ட்ராக்குக்குள் போக அனுமதி இல்லை. கம்பி வேலிக்கு வெளியே பைக்கை நிறுத்தி, சீட்டின் மேல் ஏறி நின்றேன். வெயில் அதிகம் இல்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நல்ல காற்று.

முதலில் அக்காவின் கார், பத்துச் சுற்று. பிறகு 16 தட்டும் 18 கிலோவும் ஏற்றிய புதிய கார், பத்துச் சுற்று. பிறகு மறுபடி அக்கா கார், காற்று மாறியிருந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. நான் சொல்லாமலே அதைச் செய்தார்கள். வேலி வழியாகவே நான் ஸ்டாப் வாட்சில் எடுத்தேன்.

அக்கா கார்: ஒரு நிமிடம் 19.8.
புதிய கார்: ஒரு நிமிடம் 19.9.
மறுபடி அக்கா கார்: 19.8.

பத்தில் ஒரு நொடி. இதைவிட நெருக்கமாக எவனாலும் பொருத்த முடியாது. கார்கள் நிற்கும் பிட்டில் கைதட்டல் கேட்டது. நல்லசிவம் சார் ஏதோ தாளில் கையெழுத்துப் போட, பல் டாக்டர் முதுகைக் கொடுத்துக் குனிந்து நின்றார். ஒப்புதல் ஆகிவிட்டது. பதினான்கு கார்களும் அடுத்த சீசன் ஓடும்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் இன்னொரு கணக்கில் இருந்தேன். அதே காரில் அக்காவின் சிறந்த நேரம் ஒரு நிமிடம் 21.5.

குகன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு நடந்து வந்தான். ஒரு வாரம் ஆயிற்று அவன் முகத்தைப் பார்த்து. தாடி வளர்ந்திருந்தது.

"அக்கா கார்ல எத்தன?"

"ஒண்ணு பத்தொம்பது புள்ளி எட்டு."

"போன வருசம் ஃபைனல்ல எனக்கு அடுத்து வந்தவன்?"

எனக்கு மனப்பாடம். "ஒண்ணு இருபது புள்ளி ஒம்போது."

அவன் கம்பியில் விரலைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது. எளிய கழித்தல்தான். சீவாத ஹெட், அடுத்தவர் கார், இருந்தும் ஒரு நொடிக்கு மேல் முன்னால்.

"அப்ப, நீ சீவாம இருந்திருந்தாலும்..."

"ஆமா."

"மூணு வருசமுமா?"

"மொத வருசம் சொல்ல முடியாது. மத்த ரெண்டும் கண்டிப்பா."

"நம்பர் மட்டும் டக்குனு வருது உனக்கு." சிரிக்கவில்லை. "அப்பறம் எதுக்குடா சீவுன?"

நான் ஸ்டாப் வாட்சைச் சட்டைப் பையில் போட்டேன். அவன் ட்ராக் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் நல்லாத்தான் ஓட்டிட்டு இருந்திருக்கேன். உனக்குத்தான் அது தெரியல."

பிட்டிலிருந்து அக்கா கூப்பிட்டார்: "ஏனுங் குகா, என் காரை அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்? தள்ளறதுக்கு ஆளு வேணுமுங்!"

அவன் விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு, கார் தள்ளப் போனான்.